கட்டிலுக்குக் கீழே ஒரு சிலிண்டர்

எங்கள் ஊரில் ஒரு காலத்தில் எல்லோருமே புரட்சிக்காரர்கள். ஹந்தானைக்கு ஏறுகிற ரோட்டில் பஸ் திரும்புகிற அந்தச் சின்னக் கடைத்தெருவில், பாண் விற்கிறவர் முதல் முடி வெட்டுகிறவர் வரை தலையில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, நாடு தலைகீழாக மாறப் போகிறது என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். பெரிய நாற்காலியில் இருந்தவர் ஓடினார், அது உண்மைதான். அவர் ஓடிய பிறகு அரிசி விலை இறங்கியதா என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கறுப்புத் துணிகள் இப்போது அடுப்படியில் சட்டி இறக்கப் பயன்படுகின்றன. நான் கண்டி டவுனில் புடைவைக் கடையில் நிற்கிறவள். துணி கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியாதா?

அந்தப் புரட்சிக்காக எங்கள் ஊரிலிருந்து ஜெயிலுக்குப் போனவர் ஒரே ஒருவர். என் வீட்டுக்காரர்.

அவர் த்ரீவீல் ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லவும் வராது. இந்த இரண்டாவது குணம் ஒரு குடும்பத்தை எப்படி நடுத்தெருவில் நிறுத்தும் என்பதற்கு எங்கள் கதையே போதும்.

காஸ் கிடைக்காத நாட்கள் அவை. காலிச் சிலிண்டர்களை ரோட்டோரம் வரிசையாக அடுக்கி, ஒன்றோடொன்று சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, ஜனங்கள் நாள்கணக்கில் காவல் இருந்தார்கள். எங்கள் சிலிண்டரும் அந்தச் சங்கிலியில்தான் கிடந்தது. ஒரு பின்னேரம் காஸ் கடைக்கு லொறி வந்தது. கடைக்காரர் ஹஜ் போய் வந்த வயதான மனிதர், ஊரே ஹாஜியார் என்று கூப்பிடும். அவர் எல்லாவற்றையும் இறக்கி உள்ளே வைத்து ஷட்டரை இழுத்துப் பூட்டினார். பொலிஸ் காவலோடு மறுநாள் காலையில் ஒழுங்காகக் கொடுப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அதற்குள் காம்பஸில் படிக்கிற ஒரு தம்பி ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். பதுக்கல் என்றான். ஹோட்டல்காரர்களுக்குப் போகப் போகிறது என்றான். இது மக்களுடைய காஸ் என்றான். நன்றாகத்தான் பேசுவான், அதைக் குறை சொல்ல முடியாது. ஷட்டர் உடைந்தது.

உடைத்த கைகள் பல. ஆனால் நிறைந்த சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மலையேற யாருக்குத் தெம்பு இருக்கிறது? "அண்ணே, உங்க வண்டியில கொஞ்சம் ஏத்துங்க" என்றார்கள். இவர் ஏற்றினார். தோட்டத்து லயங்களுக்கும் ரோட்டோர வீடுகளுக்கும் போய்ப் போய் இறக்கினார். எங்கள் வீட்டு வாசலையும் தாண்டித்தான் போனார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றைக்கூட இறக்கவில்லை. "நமக்கு வேணாம் புள்ள, ஹாஜியார்ட்ட எப்புடி முழிக்கிறது" என்று பிறகு சொன்னார். அடுத்தவர்களுக்கெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டுத்தான் இந்த ஞானம்.

காம்பஸ் தம்பி அதையெல்லாம் போனில் பிடித்து, மக்களின் வெற்றி என்று எழுதி, உலகத்துக்கே காட்டினான். அந்த வீடியோவில் யாருடைய முகமும் தெளிவாக இல்லை. எங்கள் வண்டியின் நம்பர் மட்டும் பளிச்சென்று இருந்தது. தம்பி இப்போது இத்தாலியிலோ எங்கேயோ நலமாக இருக்கிறானாம்.

வழக்கு வந்தபோது ஒரே கேள்விதான். யார் யார் வீட்டில் இறக்கினாய்? பெயர்களைச் சொல்லியிருந்தால் தண்டனை குறைந்திருக்கும், வக்கீல் என்னிடம் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். இந்த மனுஷனுக்கு வாயில் கொழுக்கட்டை. "ஆள் ஞாபகம் இல்லைங்க" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. தான் பிறந்து வளர்ந்த ஊரில் தினமும் ஏற்றி இறக்குகிற ஆட்களை ஞாபகம் இல்லையாம். நீதவான் நம்பவில்லை, யார்தான் நம்புவார்கள்? தூக்கி உள்ளே போட்டார்கள். அவர் உள்ளே இருந்த காலம் முழுக்க, அந்தக் காஸில் சமைத்துத் தின்ற வீடுகளிலிருந்து ஒரு பாண் துண்டுகூட எங்கள் வாசலுக்கு வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்று: என்னைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் மாறிப் போகிற பழக்கம்.

வெளியே வந்தார். ஆள் பாதியாக இருந்தார். இரண்டு நாள் வீட்டில் கிடந்துவிட்டு, மூலையில் தார்ப்பாய் மூடிக் கிடந்த வண்டியைக் கழுவித் துடைத்து, த்ரீவீல் பார்க்குக்குக் கொண்டுபோனார். பார்க் என்றால் கடைத்தெருவில், ஹாஜியாருடைய கடைக்கு நேர் எதிரே வண்டிகள் வரிசையாக நிற்கிற இடம். அதற்கு ஒரு தலைவர் உண்டு, சட்டம் உண்டு. வரிசையில் முதலாவது நிற்கிற வண்டிதான் முதல் ஓட்டம் போகும். ஆள் ஏறியதும் மற்ற வண்டிகளை ஸ்டார்ட் பண்ணாமல் கையால் ஒரு இடம் முன்னே தள்ளுவார்கள், பெற்றோல் மிச்சம். வரிசையில் இடம் கிடைத்தால் சோறு, கிடைக்காவிட்டால் பட்டினி. எங்களுக்கு அவ்வளவுதான் கணக்கு. என் சம்பளம் வீட்டு வாடகைக்கும் மகளின் பள்ளிக்கூடத்துக்கும் போனால் மிச்சம் பஸ் டிக்கட்தான்.

தலைவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ இங்க வண்டி போடுறது எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. ஆனா ஜெயிலுக்குப் போனவன் வண்டில ஜனம் ஏறுவாங்களா? பார்க் பேரு கெட்டுப் போகுமே."

பார்க் பேர். இதைச் சொன்ன வாய் யாருடையது என்று கேளுங்கள். அந்தப் பின்னேரம் எங்கள் வண்டி முதலில் போய் நின்றதே இவர் வீட்டு வாசலில்தான். தன் வண்டியில் ஏற்றினால் நம்பர் தெரிந்துவிடும் என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்ட புத்திசாலி இவர். பார்க்கிலிருந்து வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் நடந்ததைச் சொன்னபோது, போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று செருப்பை மாட்டிவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோர்ட்டுல சொல்லாதத நீ ரோட்டுல சொல்லப் போறியா?"

எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை. இப்படி ஒரு உத்தமனைக் கட்டிக்கொண்டு எத்தனை நாளைக்கு விறகு ஊதுவது என்று சத்தமாகவே கேட்டேன்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு ஹாஜியாரிடம் போனார். எனக்கு விருப்பமே இல்லை. உடைத்தவன் வீட்டுக்காரியாக அந்த வாசலில் ஏறுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஷட்டரில் நெளிந்த தடம் இன்னும் இருந்தது. ஹாஜியார் கதிரையில் இருந்தபடி இவரை ஏற இறங்கப் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை.

"என்னத்துக்கு வந்த?"

"உங்க சிலிண்டரெல்லாம் திருப்பிக் கொண்டாந்து தாறேன் ஹாஜியார். காலியாத்தான் இருக்கும். மன்னிச்சுக்கங்கன்னு கேக்க எனக்கு வாய் இல்ல."

ஹாஜியார் ஷட்டரின் நெளிவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அதெல்லாம் இன்னமும் ஈக்கிதா? மாத்தி மாத்தி எங்கயோ போயிருக்குமே" என்றார்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்களின் மூளையை நான் விளக்க வேண்டும். காலியைக் கொடுத்தால்தான் நிறைந்த சிலிண்டர் தருவார்கள், அதுதான் காஸ் வியாபாரம். தட்டுப்பாடு தீர்ந்ததும் இவர்கள் காலியைக் கொண்டுபோய் மாற்றியிருக்கலாம். ஆனால் ஹாஜியார் கடைச் சிலிண்டர்களின் கழுத்தில் பச்சைப் பெயின்டில் ஒரு பொட்டு இருக்கும். அது திருட்டுச் சாமானைக் கண்டுபிடிக்க வைத்த குறி என்று யாரோ ஒரு அறிவாளி கிளப்பிவிட்டான். அவ்வளவுதான். ஆளாளுக்குச் சிலிண்டரைப் பழைய சேலையில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். சங்கிலியில் கிடந்த சொந்தக் காலிகளைப் பொலிஸ் அள்ளிக்கொண்டு போயிருந்தது, அதைப் போய்க் கேட்டால் நீயும் அங்கே நின்றாயா என்று கேட்பார்களே. ஆக அதுவும் போச்சு. மக்களுடைய காஸ் தீர்ந்த நாளிலிருந்து மக்கள் விறகு அடுப்பை ஊதிக்கொண்டு, கட்டிலுக்குக் கீழே கிடக்கிற இரும்பைப் பூதம் போலக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பயந்தவர்கள்தான் நாட்டைப் புரட்டப் போனார்கள்.

பச்சைப் பொட்டைப் பற்றி இவர் சொன்னதும் ஹாஜியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது குறியா? சோப்பு நுரை போட்டு லீக் பாத்தது, பாக்காததுன்னு தெரியறதுக்குப் பொடியன் வெச்ச பொட்டு. எல்லாத்துலயும் ஈக்கிற" என்றார். சிரித்து முடித்ததும் முகம் பழையபடி ஆனது. "கொண்டு வா பாக்கலாம். பொறகு பேசுவோம்."

இவர் வீடு வீடாகப் போனார். நானும் லீவு நாளில் கூடப் போனேன், இந்த நாடகத்தை யார் தவறவிடுவார்கள்? "என்ன சிலிண்டர்?" என்றது ஒரு வீடு. "நாங்க அன்னிக்கு நாவலப்பிட்டில இருந்தோம்" என்றது இன்னொன்று. மூன்றாவது வீட்டம்மா எங்களுக்கு முன்னாலேயே அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள், கட்டில் அங்கேதான் இருந்தது. தலைவர் வீட்டில் தலைவரே வாசலில் நின்று, "ஜெயில்ல இருந்து வந்த ஒடனயே ஊர்க்காரங்க மேல பழி போடுறியா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி புகையில் சிவந்த கண்ணோடு நின்றாள். பாவம், அவளைப் பார்க்க மட்டும் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது.

இவர் யாரோடும் சண்டை போடவில்லை. எல்லோரிடமும் ஒரே வார்த்தைதான் சொல்லிவிட்டு வந்தார். "செவ்வாக்கெழம காலைல அந்தோனியார் கூட்டுக்குப் பக்கத்துல வெச்சிடுங்க. யாரு வெச்சாங்கன்னு நான் பாக்க மாட்டேன்." ரோட்டு வளைவில் கண்ணாடிக் கூட்டுக்குள் அந்தோனியார் சுரூபம் இருக்கிறது. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர், செவ்வாய்க்கிழமைகளில் வேதக்காரர், சைவக்காரர், சிங்கள ஆட்கள் எல்லோரும் வந்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். அப்படிப்பட்ட புனிதருக்கு எங்கள் ஊர் திருட்டுச் சாமானுக்குக் காவல் இருக்கிற உத்தியோகம் கொடுத்தது.

ஒன்றும் வராது என்றுதான் நான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை விடிந்து போய்ப் பார்த்தால், கூட்டுக்குப் பின்னால் மதிலோரம் சிலிண்டர்கள் நின்றன. சிலதில் சேலை சுற்றியபடியே இருந்தது. நான் புடைவைக் கடைக்காரி, எந்தச் சேலை எந்த வீட்டுப் பெருநாளுக்கு என் கையால் மடித்துக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றிலும் பச்சைப் பொட்டைக் கத்தியால் சுரண்டியிருந்தார்கள். சுரண்டிய இடம் பொட்டைவிடப் பெரிதாகப் பளபளத்தது. இதைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே இவர் சேலைகளை அவிழ்த்து ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு, வண்டியில் ஏற்றத் தொடங்கினார்.

அப்போது தலைவர் வந்தார். கூடப் பார்க்கிலிருந்து இரண்டு பேர். மெழுகுதிரி கொளுத்த வந்த சனமும் நின்றது. தலைவர் வண்டியைப் பார்த்தார், சிலிண்டர்களைப் பார்த்தார், சத்தமாகச் சொன்னார்: "பாத்தீங்களா? இதுக்குத்தான் நான் பார்க்குல சேக்கல. உள்ள போயும் திருந்தல." பொலிஸுக்குப் போனும் போட்டார்.

கூட்டத்தில் நின்றவர்களை நான் ஒவ்வொருவராகப் பார்த்தேன். விடியற்காலையில் இதே சிலிண்டர்களை முதுகு வளையத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அங்கே நின்றார்கள். தரையைப் பார்த்தார்கள், மெழுகுதிரியைப் பார்த்தார்கள், அந்தோனியாரைப் பார்த்தார்கள். இன்னொரு தடவை இவரைக் கொண்டுபோனால் அவ்வளவுதான், நானும் என் பிள்ளையும் அவ்வளவுதான். இவரோ வண்டியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொன்ஸ்டபிள் வந்து, எங்கிருந்து எடுத்தாய் என்று சிங்களத்தில் கேட்டார். இவர் மறுபடியும் அதே கொழுக்கட்டை. யார் வைத்தார்கள் என்று பார்க்கவில்லையாம்.

நான் ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றது. ஹாஜியார் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு நான் சொன்னதில் பாதிதான் புரிந்திருக்கும். மறு பேச்சில்லாமல் ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு என்னோடு நடந்தார்.

வந்து ஒவ்வொரு சிலிண்டரையும் குனிந்து பார்த்தார். சுரண்டிய இடத்தை விரலால் தடவினார். கொன்ஸ்டபிள் கேட்டதற்குச் சிங்களத்தில் பதில் சொன்னார், பிறகு சனத்துக்கும் விளங்கட்டும் என்று தமிழிலும் சொன்னார்.

"என்னோட சிலிண்டர்தான். நான்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன். கஸ்டமர்ட காலிய எடுக்கிறதும் நெறஞ்சதக் கொடுக்கிறதும் எங்கட யாவாரம். இதுல பொலிஸுக்கு என்ன வேல?"

"யாருடைய காலி?" என்றார் கொன்ஸ்டபிள்.

"கொண்டு வந்து வெச்ச ஆக்கள்ட. காசு கட்டிட்டு வந்து நெறஞ்சத எடுத்துக்கிட்டுப் போகட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கூட்டத்திலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"அப்ப எங்க வீட்டுக் கட்டிலுக்குக் கீழயும் ஒண்ணு கெடக்கு ஹாஜியார். அதயும் எடுப்பீங்களா?"

தலைவரின் மனைவி. கையில் கொளுத்தாத மெழுகுதிரியோடு, அதே சிவந்த கண்ணோடு நின்றாள். புகையை ஊதி ஊதி அலுத்தவளுக்குக் காஸ் என்று காதில் விழுந்ததும் புருஷனாவது, பார்க்காவது. தலைவரின் முகத்தில் ஈயாடவில்லை. கொன்ஸ்டபிள் அவரைப் பார்த்தார், ஹாஜியாரைப் பார்த்தார், பிறகு மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"எடுப்போமே மகள்" என்றார் ஹாஜியார். "ஆளை அனுப்புறேன்."

அந்த ஆள் என் வீட்டுக்காரர்தான். அன்றைக்கே போய்த் தலைவர் வீட்டுக் காலியை எடுத்து, நிறைந்ததை மாட்டி, சோப்பு நுரை போட்டு லீக் பார்த்து, அடுப்பையும் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு வார்த்தை குத்திக் கேட்டிருக்கக் கூடாதா? நானாக இருந்தால் அந்த வீட்டுக் கூரை இன்று இருக்காது. தலைவர் வாசல்வரை வந்து, "நாளைக்கு வண்டியப் போடு" என்று மட்டும் சொன்னாராம். இவரும் "சரிண்ணே" என்றாராம்.

மறுநாள் விடியும்போதே போய் வரிசையில் முதலாவதாக வண்டியைப் போட்டார். நான் எதிரே பஸ் ஹோல்ட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் வந்தார்கள். முதல் வண்டியில் இருப்பது யார் என்று பார்த்தார்கள். திரும்பி பஸ்ஸுக்கு வந்துவிட்டார்கள். ஒரு அம்மா இரண்டாவது வண்டியில் ஏறப் போனாள், பார்க் சட்டப்படி முதல் வண்டி போகாமல் அது அசைய முடியாது, அவளும் முணுமுணுத்துக்கொண்டு நடந்தே போனாள். காலை நேரத்து ஓட்டமெல்லாம் கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். புரட்சிக்கு ஒரு வண்டி தேவைப்பட்டபோது இதே வண்டியைத்தானே தேடி வந்தீர்கள், இப்போது இருக்கை குத்துகிறதா என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

கடைசியில் அவர் இறங்கினார். வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளத் தொடங்கினார். மற்றவர்களின் பிழைப்பைக் கெடுக்கக் கூடாதாம், வெளியே எடுக்கிறார். எடுத்தால் திரும்பப் போட மாட்டார், எனக்கு என் மனுஷனைத் தெரியும்.

ஹாஜியார் கடையிலிருந்து இறங்கி ரோட்டைக் கடந்தார். கடைக்கு முன்னால் அவருடைய சொந்த வேன் நிற்கிறது, ட்ரைவர் உள்ளே இருக்கிறான். அதைத் தாண்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வந்து, பாதி தள்ளிய எங்கள் வண்டியில் ஏறி, சீட்டின் நடுவில் உட்கார்ந்தார்.

"எங்க ஹாஜியார்?" என்று இவர் கேட்டது எனக்கே கேட்டது.

"சும்மா ஒரு சுத்துப் போய்ட்டு வா" என்றார் அவர், ஊருக்கே கேட்கிற மாதிரி.

என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. வேலைக்குக் கட்டிய சேலையோடு அந்த பஸ் ஹோல்ட்டில் நின்று அழுதேன், பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும். இந்த ஊரில் யாரைப் பற்றியும் என்னால் நாலு வார்த்தை திட்ட முடியும், அந்தக் கிழவரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை அகப்படவில்லை.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்கள். ஹாஜியார் இறங்கி, எல்லோரும் பார்க்கக் காசைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனார். இவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார். அங்கே இடம் போதவில்லை. மற்ற வண்டிகள் முன்னே நகர்ந்தும் நகராமல் கடைசியில் நின்றது தலைவரின் வண்டி. தலைவர் கொஞ்ச நேரம் ஹேண்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி, தன் வண்டியைக் கையால் ஒரு இடம் முன்னே தள்ளினார்.